டர்னரோட ரைக்கன்பாக் அருவி: வெள்ளைப் பெயின்ட்டே இல்லாம அந்த வெள்ளை எப்படி?

ஈரத்தூரிகை:

வணக்கம் மக்களே. வாட்டர்கலர் ரொம்ப நாளா பழகிட்டு இருக்கேன், மரம், ஓட்டு வீடு, மழை பெஞ்ச ரோடு இதெல்லாம் ஓரளவு கைக்கு வந்துருச்சு, ஆனா அருவின்னு வந்தா மட்டும் மாட்டிக்கறேன். இப்ப பாத்து வரையறது இங்கிலீஷ் ஓவியர் ஜே.எம்.டபிள்யூ. டர்னர் 1804ல போட்ட ரைக்கன்பாக் அருவி, ஸ்விட்சர்லாந்துல மைரிங்கன் ஊர் பக்கத்துல இருக்கே அதான். அதே அருவிய அவரு பின்னாடி வானவில்லோட வேற போட்டிருக்காரு, அது இல்ல நான் சொல்றது. இது நெட்டுக்குத்தா ஒசந்து நிக்கும், கீழ முறிஞ்ச மரமெல்லாம் கெடக்கும், இங்கிலாந்துல பெட்ஃபோர்ட்ல ஹிக்கின்ஸ் மியூசியத்துல இருக்கறது.

பிரச்சனை என்னன்னா என் அருவில தண்ணி விழவே மாட்டேங்குது, பாறைல பஞ்ச ஒட்டி வச்ச மாதிரி இருக்கு. மாஸ்கிங் ஃப்ளூயிட் (பெயின்ட் படாம மறைக்கற ரப்பர் பால்) போட்டு உரிச்சா ஓரமெல்லாம் கத்தரிச்சு வச்ச மாதிரி நிக்குது. சரின்னு வெள்ளை குவாஷ் (அடில இருக்கறது தெரியாம மூடற கெட்டி வாட்டர்கலர்) எடுத்து மேல போட்டா சுண்ணாம்பு அடிச்ச மாதிரி செத்துப் போகுது. அவரு படத்துல பாத்தா தண்ணிக்குள்ளயே சாம்பல் இருக்கு, லேசா பழுப்பு இருக்கு, சில எடத்துல ஊசி மாதிரி கூர்மையா வெள்ளைக் கோடு, அடில வந்தா சாரலுக்கு ஓரமே இல்ல, அப்படியே பாறைக்குள்ள கரைஞ்சு போகுது. அந்தக் காலத்துல மாஸ்கிங் ஃப்ளூயிட் கெடையாதுல்ல? அப்புறம் எப்படிங்க?

இன்னொண்ணு, எங்க மாஸ்டர் வாட்டர்கலர்ல வெள்ளையத் தொட்டாலே திட்டுவாரு, பிளேடு வச்சு சுரண்டினா அது ஏமாத்து வேலைன்னு சொல்லுவாரு. அதையும் யாராவது தெளிவாச் சொல்லுங்க.


கிழக்குச்சன்னல்:

நல்ல கேள்வி தம்பி. மொதல்ல ஒண்ணு சொல்லுங்க, நீங்க எந்த சைஸ்ல போடறீங்க? ஏன் கேக்கறேன்னா ஒரிஜினல் கிட்டத்தட்ட 102க்கு 69 செ.மீ., அதாவது ஒரு மீட்டர் ஒசரம். வாட்டர்கலர்னா ஆல்பத்துக்குள்ள வச்சுப் பாக்கற சின்ன விஷயம்னு நெனச்சிட்டிருந்த காலத்துல, ஆயில் பெயின்டிங் பக்கத்துல மாட்டினாலும் தாக்குப் பிடிக்கணும்னே அவரு அந்த சைஸ் எடுத்தாரு. அதே 1804லதான் லண்டன்ல வாட்டர்கலர்காரங்க எங்களுக்கு மரியாத இல்லன்னு தனியா ஒரு சங்கமே ஆரம்பிச்சாங்க, அடுத்த வருஷம் அவங்க மொத கண்காட்சி. டர்னர் அதுல சேரல, அவரு ஏற்கனவே ராயல் அகாடமி ஆளு. அது கெடக்கட்டும், நீங்க ஏ4ல போட்டு அந்த ஊசிக்கோடு வரணும்னா எப்படி வரும், அங்க அஞ்சு செ.மீ. இருக்கற எடம் உங்க பேப்பர்ல ஒன்றரை கூட இருக்காது.

இப்ப வெள்ளைக்கு வரேன். அந்தப் படத்துல இருக்கற வெள்ளை ஒரே வெள்ளை இல்ல, உங்க படத்துல ஒரே வெள்ளையா இருக்கறதுனாலதான் பஞ்சு மாதிரி தெரியுது. பெரிய வெளிச்சம் இருக்கே, அது பேப்பர்தான், மொதல்லயே பெயின்ட் படாம விட்டது. ஆனா தண்ணியோட உடம்புல பாதிக்கு மேல அப்படி விட்டது இல்லைங்க, மேல பெயின்ட் அடிச்சிட்டு அப்புறம் எடுத்தது. இதத்தான் நம்மாளுங்க யாரும் சொல்லித் தரமாட்டேங்கறாங்க. பாறைக்கலர் வாஷ், அதான் தண்ணியாக் கரைச்சு அடிச்ச கலர், நல்லா காஞ்சதும் சுத்தமான பிரஷ்ல வெறும் தண்ணி எடுத்து, தண்ணி எப்படி விழுமோ அந்தத் திசைல மேலேர்ந்து கீழ ஒரு இழுப்பு. உடனே தொடைக்காதீங்க, கலர் ஊறி லேசா கெளம்பட்டும், தண்ணியோட பளபளப்பு அடங்கற நேரம் பாத்து பிளாட்டிங் பேப்பர வச்சு ஒரே அமுக்கு, தேய்க்கக் கூடாது. அப்புறம் பழைய பிரெட்டோட நடுப்பகுதிய உருட்டி அந்த எடத்துல மட்டும் உருட்டித் தேச்சா இன்னும் கொஞ்சம் வெளுக்கும். பிரெட்தான் அன்னிக்கு ரப்பர். இப்படி எடுத்த வெள்ளைல ஒரு சாம்பல் மிச்சம் இருக்கும் பாருங்க, நீங்க தண்ணிக்குள்ள சாம்பல் இருக்குன்னு சொன்னீங்களே, அது இதான்.

கடைசியா சுரண்டல். அந்த ஊசிக்கோடெல்லாம் கத்தி, பிரஷ் கைப்பிடியோட முனை, நகம். பேப்பர் எலும்பு மாதிரி காஞ்சிருக்கணும், கொஞ்சம் ஈரம் இருந்தாலும் பிஞ்சு நார் நாரா வந்துரும். ஒரு வாட்டி சுரண்டின எடத்துல மறுபடி கலர் வைக்காதீங்க, மேல்பூச்சு போயிருக்கும், கலர உறிஞ்சிக்கிட்டு சுத்தி இருக்கறத விட கருத்துப் போயிரும்.

சாரலுக்கு ஓரம் இல்லாம வரணும்னா மேல சொன்னதுல எதுவும் வேணாம், அடிப்பகுதிய முழுசா நனச்சுட்டு ஸ்பாஞ்ச் வச்சு கீழேர்ந்து மேல ஒத்தி எடுங்க. பாறை முழுசா காஞ்சப்புறம் செய்யணும், பாறையோட மேல் பாகம் கூர்மையா நிக்கட்டும், கால் மட்டும் கரையட்டும்.


ஈரத்தூரிகை:

ஐயா கோடி நன்றி, ஏ4தான் போட்டுட்டு இருந்தேன். ஆனா தண்ணி வச்சு ஒத்தி எடுக்கறத ஏற்கனவே பண்ணிப் பாத்திருக்கேங்க, கலர் எடுக்கறதுக்குள்ள பேப்பரே உருண்டு உருண்டு அழுக்கு மாதிரி வருது. கடைல கெடைக்கற சாதா டிராயிங் ஷீட்தான், கனம் 200 ஜிஎஸ்எம்னு போட்டிருக்கு. என் கை கனமா இல்ல பேப்பர்தான் அப்படியா?


மைப்புட்டி:

பேப்பர்தான் ப்ரோ, கைய ஏன் திட்டறீங்க. டர்னர் யூஸ் பண்ணது பெரும்பாலும் வாட்மன் பேப்பர், கென்ட்ல மெய்ட்ஸ்டன் பக்கத்து மில்லு. லினன் கந்தல்ல செஞ்சது, செஞ்சு காய வச்சப்புறம் ஜெலட்டின்ல முக்கி எடுப்பாங்க. அந்த ஜெலட்டின் ஒரு தோல் மாதிரி மேல நிக்கும், கலர் நாருக்குள்ள எறங்காம மேலயே உக்காந்திருக்கும், அதனாலதான் நனைச்சா கெளம்பி வருது, சுரண்டினா பிய்யாம சீவிட்டு வருது. நம்ம சாதா ஷீட்ல மரக்கூழ், கலர் உள்ள போய் உக்காந்துக்கும், நீங்க தலகீழா நின்னாலும் வராது. ஆர்ச்சஸ்னு ஒரு பிரெஞ்சு பேப்பர், அதுல இன்னிக்கும் இந்த ஜெலட்டின் பூச்சுதான் (சைஸிங்னு சொல்லுவாங்க), காட்டன், 300 ஜிஎஸ்எம். வெல அதிகம்தான், ஒரு ஃபுல் ஷீட் வாங்கி நாலா கிழிச்சு டெஸ்டுக்கு வச்சுக்கோங்க, பத்து சாதா ஷீட்ட வீணாக்கறதுக்கு இது லாபம்.

அப்புறம் உங்க மாஸ்டர் சொன்ன ஏமாத்து வேலை மேட்டர். செம காமெடிங்க. யார்க்‌ஷயர்ல ஃபார்ன்லி ஹால்னு ஒரு எடம், வால்டர் ஃபாக்ஸ்னு ஒரு பெரிய மனுஷன், டர்னருக்கு ஃப்ரெண்டு, அவரோட ஸ்விஸ் வாட்டர்கலர்லாம் அள்ளி அள்ளி வாங்கினவரு. 1818ல ஒரு நாள் அவரு, ஒரு போர்க்கப்பல் எவ்ளோ பெருசுன்னு புரியற மாதிரி ஒண்ணு வரைஞ்சு குடுன்னு கேட்டாராம். அவரு பையன் பக்கத்துலயே உக்காந்து பாத்தத பின்னாடி குடும்பத்துல சொல்லிச் சொல்லி வந்திருக்கு. மொதல்ல டர்னர் பேப்பர் சொட்டச் சொட்ட ஊறற வரைக்கும் கலரக் கொட்டினாரு, அப்புறம் கிழிச்சாரு, சுரண்டினாரு, தேய்ச்சாரு, பேய் புடிச்ச மாதிரி, மொத்தமும் ஒரே கந்தரகோளம், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா கப்பல் உள்ளேர்ந்து வெளிய வந்துச்சு, மத்தியான சாப்பாட்டுக்குள்ள படம் ரெடி. கட்டைவிரல் நகத்த இதுக்குன்னே நீளமா வளத்து வச்சிருந்தாருன்னும் சொல்லுவாங்க. அந்தக் கப்பல் படமும் உங்க அருவி இருக்கற அதே பெட்ஃபோர்ட் மியூசியத்துலதான் இருக்கு. இத ஏமாத்து வேலைன்னா அப்புறம் வாட்டர்கலர்னு எதச் சொல்றது?


குவாஷ்_கோபாலு:

நான் ஒரு எதிர்க்கட்சி. வெள்ளைய ஏன் எல்லாரும் தீண்டத்தகாததா பாக்கறீங்க? அதே டர்னர் பின்னாடி ஃபிரான்ஸ் நதிக்கரையெல்லாம் போட்டப்போ நீல பேப்பர்ல குவாஷ் வச்சு வெளுத்து வாங்கியிருக்காரு. 1804ல அவரு வெள்ளையத் தொடாததுக்கு கொள்கை மட்டும் காரணம் இல்ல, அப்ப இருந்த நல்ல வெள்ளைன்னா ஈய வெள்ளை, வாட்டர்கலர்ல அது காத்துல இருக்கற கந்தகம் பட்டு கருத்துப் போகும், லண்டன்ல அன்னிக்கு நிலக்கரிப் புகைய கேக்கவே வேணாம். துத்தநாக வெள்ளைய வாட்டர்கலருக்கு சைனீஸ் ஒயிட்னு வின்சர் அண்ட் நியூட்டன்னு ஒரு கலர் கம்பெனி 1834லதான் கொண்டு வந்தாங்க. அதுக்கப்புறம் இங்கிலீஷ்காரங்க வாட்டர்கலர்ல வெள்ளை நெறைய ஓடுச்சு. சாரல்ல ரெண்டு பொட்டு வெள்ளை வைக்கறதுனால ஒண்ணும் குடி முழுகாது.


கிழக்குச்சன்னல்:

கோபாலு சொல்றது நியாயம்தான், பொட்டு வைக்கறதுல எனக்கும் சண்டை இல்ல. ஆனா தம்பி கேக்கற குறிப்பிட்ட படத்துக்கு குவாஷ் ஒத்து வராது, ஏன்னா அங்க வெளிச்சம் பேப்பர்லேர்ந்து பெயின்ட்டுக்குள்ள பூந்து வருது, மேல வெள்ளை போட்டா அந்த எடம் மட்டும் தனியா மேல மெதக்கும்.

அப்புறம் யாரும் கேக்காத ஒண்ணு இருக்கு. எல்லாரும் தண்ணியவே பாத்துட்டு இருக்கீங்க, கொஞ்சம் பாறையப் பாருங்க. போன்ல படத்த கறுப்பு வெள்ளையா மாத்திட்டுப் பாருங்க, அருவி நீங்க நெனைக்கற அளவுக்கு வெள்ளையே இல்ல, ஒரு நடுத்தர சாம்பல்தான், சுத்தி இருக்கற பாறை அவ்ளோ இருட்டா இருக்கறதுனால வெள்ளையாத் தெரியுது. உங்க படத்துல பாறை பயந்து பயந்து போட்ட ப்ரவுனா இருக்கும்னு பெட் கட்டறேன். இருட்டு வர பயமில்லாம அடுக்கணும், ஒரு வாஷ், காய விடு, இன்னொரு வாஷ். இண்டிகோவும் இந்தியன் ரெட்டும் கலந்தா ஒரு குளிர்ச்சியான கருஞ்சாம்பல் வரும், அந்தக் காலத்து லேண்ட்ஸ்கேப் ஆளுங்களோட ஆஸ்தானக் கலவை. ட்யூப்ல இருக்கற கறுப்ப அப்படியே போட்டா ஓட்டை விழுந்த மாதிரி ஆகும்.

இன்னொரு எச்சரிக்கை, பிரின்ட்ட வச்சு கலர் மேட்ச் பண்ணாதீங்க. அன்னிக்குப் போட்ட இண்டிகோ வெளிச்சம் பட்டா வெளுத்துரும், கூட இருந்த சிவப்பு மட்டும் மிஞ்சி, பழைய வாட்டர்கலர் பலதுல வானம் ரோஸ் கலரா திரிஞ்சு போயிருக்கும். 1888லயே ரசல், அப்னின்னு ரெண்டு பேர் இங்கிலாந்துல இத சோதிச்சு ரிப்போர்ட் குடுத்தாங்க. டர்னர் இதப்பத்தி கவலையே படல. நிக்காத கலரையெல்லாம் ஏன் வாங்கறீங்கன்னு வின்சரே கேட்டதுக்கு, கலர் செய்யறது உன் வேல, அத யூஸ் பண்றது என் வேலன்னு சொல்லி அனுப்பிட்டாராம். எடின்பரோல நேஷனல் கேலரில ஹென்றி வாகன்னு ஒருத்தர் உயில் எழுதிக் குடுத்த 38 டர்னர் வாட்டர்கலர் இருக்கு, வருஷத்துல ஜனவரி மாசம் மட்டும்தான் வெளிய வைக்கணும்னு கண்டிஷன், ஏன்னா அங்க அப்பதான் வெளிச்சம் ரொம்பக் கம்மி. அந்த மாதிரி ஆளுங்க புண்ணியத்துலதான் சில படமாவது ஒழுங்கா நிக்குது.


பழைய_வரைபடம்:

லேட்டா வரேன். ரைக்கன்பாக் போய் எடுத்த போட்டோவோட யாரும் கம்பேர் பண்ணிடாதீங்கன்னு சொல்ல வந்தேன். ஈரத்தூரிகை அதையும் பண்ணியிருப்பீங்க, பண்ணியிருந்தா பாறை ஏன் சரியா வரலன்னு கொழம்பியிருப்பீங்க.

டர்னர் அங்க போனது 1802. இங்கிலாந்தும் பிரான்சும் வருஷக்கணக்கா அடிச்சிட்டு இருந்தாங்க, அந்த வருஷம் மார்ச்ல ஆமியான் ஒப்பந்தம் போட்டதும் கதவு தொறந்துச்சு, ஜூலைல கிளம்பி கலே வழியா ஆல்ப்ஸ் போயிட்டு அக்டோபர்ல திரும்பிட்டாரு. வயசு 27. அந்த ஒரு ட்ரிப்ல நானூறுக்கு மேல ஸ்கெட்ச். அடுத்த மே மாசம் மறுபடி சண்டை ஆரம்பிச்சிருச்சு, அதுக்கப்புறம் அவரு ஐரோப்பாக் கண்டத்துப் பக்கம் கால் வச்சது 1817ல. ஆக 1804ல அந்த ஒரு மீட்டர் படத்த லண்டன்ல உக்காந்து போடும்போது கைல இருந்தது ஸ்கெட்ச்புக்கும் ஞாபகமும்தான், மறந்த எடத்த போய் பாத்துட்டு வர வழியில்ல. அதனால ஒசரத்தக் கூட்டுவாரு, பாறைய நெருக்குவாரு, முன்னாடி முறிஞ்ச மரத்த தூக்கிப் போடுவாரு. பாக்கறவனுக்கு அடிவயிறு கலங்கணும், அதே சமயம் நாம சேஃபா நிக்கறோம்னு ஒரு சந்தோஷமும் இருக்கணும், அன்னிக்கு ரசனை அது. எட்மண்ட் பர்க்னு ஒரு எழுத்தாளர் 1757லயே அந்தப் பயம் கலந்த பிரமிப்பப் பத்தி எழுதி வச்சுட்டாரு, அதுக்கப்புறம் ஆல்ப்ஸ் போற இங்கிலீஷ்காரன் எல்லாம் அருவி முன்னாடி போய் அந்த உணர்ச்சியத் தேடி நின்னான்.

நீங்க கேட்டதுக்கு உபயோகமா ஒண்ணு. அந்த ட்ரிப் ஸ்கெட்ச்புக் ஒண்ணுல அவரு பக்கத்துக்கெல்லாம் மொதல்லயே சாம்பல் வாஷ் அடிச்சு வச்சிருந்தாரு, வெளிச்சம் வேணுங்கற எடத்துல சுரண்டி எடுத்துக்குவாரு. அதாவது வெள்ளை பேப்பர்ல இருட்டச் சேக்கறதுக்குப் பதிலா, சாம்பல்லேர்ந்து வெளிச்சத்தத் தோண்டறது. நீங்களும் பெரிய படத்துக்குப் போறதுக்கு முன்னாடி கைப்பிடி அளவு பேப்பர்ல சாம்பல் அடிச்சு அருவிய மட்டும் சுரண்டிப் பழகுங்க, கலரே வேணாம். கிழக்குச்சன்னல் சார் சொன்ன பாறை மேட்டரும் தானா புரிஞ்சிரும்.

சைடு டிராக், ஷெர்லாக் ஹோம்ஸ் கதைல ஹோம்ஸும் வில்லன் மோரியார்ட்டியும் கட்டிப் புரண்ட எடம் இந்த அருவிதான், இப்ப அங்க போறவங்கள்ல பாதிப் பேரு அதுக்குத்தான் போறாங்க. மொத்த ஒசரம் சுமார் 250 மீட்டர், 1899லேர்ந்து கேபிள் இழுக்கற ரயில் ஓடுது, தண்ணிய கரன்ட் எடுக்கத் திருப்பி விடற சீசன்ல போனீங்கன்னா டர்னர் பாத்ததுல கால்வாசி கூட இருக்காது.


பொதிகைக்காரன்:

ஸ்விஸ் அருவி சரி, நம்ம பாபநாசம் கல்யாணதீர்த்தம் பக்கத்துக் கதையும் ஒண்ணு இருக்குல்லா, அதச் சொல்லாம போக முடியுமா. தாமஸ் டேனியல், அவரு அண்ணன் மவன் வில்லியம் டேனியல், ரெண்டு பேரும் 1786ல கல்கத்தாவுல வந்து எறங்கி ஏழு வருசம் இந்தியா பூரா சுத்துனாவ. 1792ல நம்ம திருநெல்வேலிப் பக்கம் வந்து பாபநாசம் அருவி, குத்தாலம் அருவி ரெண்டையும் வரைஞ்சிருக்காவ. ஊருக்குத் திரும்பிப் போயி வாட்டர்கலரையும் ஸ்கெட்ச்சையும் பாத்து அக்வாடின்ட்டா, அதாவது செம்புத்தகட்ட ஆசிட்டுல அரிச்சு அச்சடிக்கற படமா போட்டு, கையால கலர் பூசி வித்தாவ. மொத்தம் 144 பிளேட், 1795லேர்ந்து 1808 வரைக்கும் வேல நடந்திருக்கு. பாபநாசம் பிளேட்டுல பாருங்க, பாறை அசலா நம்ம பாறைதான், ஆனா டர்னர் மாதிரி மெரட்டலு கெடையாது, கிட்டத்தட்ட சாந்தமா இருக்கும்.

இங்க ஏன் சொல்லுதேன்னா, அக்வாடின்ட்டுல வெள்ளைய எப்படிக் கொண்டு வருவாவ தெரியுமா. செம்புத்தகடு, அதுல பிசின் பொடி, வெள்ளையா நிக்க வேண்டிய எடத்துல மொதல்ல வார்னிஷ் பூசிட்டுதான் ஆசிட்டுல முக்குவாவ, ஆசிட்டு அந்த எடத்தத் தொடாது. வெளிய எடுத்து அடுத்த வெளிச்சத்துக்கு இன்னொரு தடவ வார்னிஷ், மறுபடி ஆசிட். இருட்டாவ வேண்டிய எடம் கடேசி வரைக்கும் உள்ள கெடக்கும். வாட்டர்கலர்காரங்களும் இதே புத்தியத்தான் பேப்பருக்குக் கொண்டாந்தாவ. யார்க்‌ஷயர்ல ஃபிரான்சிஸ் நிக்கல்சன்னு ஒருத்தரு, தேன்மெழுகும் டர்பன்டைனும் கலந்து வெளிச்சம் வேண்டிய எடத்துல வச்சு, மேல வாஷ் அடிச்சுட்டு அப்புறம் டர்பன்டைன் விட்டு கரைச்சு எடுத்துருவாரு. 1799ல லண்டன் கலைச் சங்கம் அவருக்குப் பரிசு குடுத்துருக்கு இதுக்கு. அதனால அந்தக் காலத்துல மாஸ்கிங்கே கெடையாதுன்னு சொல்லிர முடியாது, தம்பி.


ஈரத்தூரிகை:

அடேங்கப்பா, பாபநாசம் படம் இப்பதான் தேடிப் பாத்தேன், சூப்பர்ணே.

ஆர்ச்சஸ் கால் ஷீட்ல சாம்பல் அடிச்சு சுரண்டிப் பாத்தேன். பிளேட படுக்க வச்சு இழுத்தா வர்ற கோடும் முனையால இழுத்தா வர்ற கோடும் வேற வேறயா இருக்கு, படுக்க வச்சது பேப்பரோட மேட்ட மட்டும் தொட்டுட்டுப் போறதுனால விட்டு விட்டு வருது, அதுதான் தண்ணி மாதிரி தெரியுது, முனைக்கோடு வெறும் கீறலாத்தான் தெரியுது. சாரல் இன்னும் வரல, ஒத்தி எடுத்த எடத்தச் சுத்தி ஒரு வட்டம் கறையா நிக்குது. அப்புறம் பிரெட்னு சொன்னீங்களே, வீட்ல இருந்தது மில்க் பிரெட், தேச்சதும் பேப்பர் லேசா எண்ணெய் மின்னற மாதிரி ஆயிருச்சு, அது மேல வாஷ் பிடிக்கவே மாட்டேங்குது.


கிழக்குச்சன்னல்:

பிளேடு விஷயம் சரியாப் பிடிச்சிட்டீங்க, கோல்ட் பிரஸ்னு சொல்ற சொரசொரப்பான பேப்பர்ல அது இன்னும் நல்லா விட்டு விட்டு வரும், ஹாட் பிரஸ்னா ரொம்ப வழவழப்பு. கறை வட்டம் நிக்கறது நீங்க நனச்ச எடம் சின்னதா இருக்கறதுனால. சாரல் எவ்ளோ வேணுமோ அதுக்கு ரெண்டு மடங்கு எடத்த நனைங்க, ஓரத்த ஈர பிரஷ்ல இழுத்து விட்டு தண்ணி எங்கயும் தேங்காமப் பாத்துக்கோங்க, அப்புறம் நடுவுல மட்டும் ஒத்துங்க.

மில்க் பிரெட் வேணாம்பா, அதுல நெய், வெண்ணெய், பால் கொழுப்பு எது வேணா இருக்கும். மாவு, உப்பு, ஈஸ்ட் மட்டும் போட்ட பிரெட், ரெண்டு நாள் பழசு.


மைப்புட்டி:

இல்லன்னா நீடட் எரேசர், அதான் மாவு மாதிரி பிசையற ரப்பர், வாங்கிக்கோங்க ப்ரோ, அம்பது ரூவா.


குவாஷ்_கோபாலு:

நான் ஒரு பொட்டு வெள்ளை வச்சுட்டு எப்பவோ தூங்கப் போயிருப்பேன் 😄


ஈரத்தூரிகை:

கோபாலு அண்ணே 😄 ஞாயித்துக்கெழம ஆஃப் ஷீட்ல போடறேன், பாறைய மொதல்ல முடிச்சிட்டு போட்டோ போடறேன், தண்ணிய அதுக்கப்புறம்தான் தொடப் போறேன். ஒரே ஒரு டவுட்டு, இண்டிகோ ட்யூப்புக்கு பின்னாடி பாத்தா இப்ப உள்ள இருக்கறது வேற ஏதோ நீலமும் கறுப்பும்னு போட்டிருக்கு, அது இந்தியன் ரெட்டோட கலந்தா அதே சாம்பல் வருமா?


கிழக்குச்சன்னல்:

கிட்டத்தட்ட வரும். இப்ப பெரும்பாலும் அது தாலோ நீலம், கறுப்பு கலந்த கலவை, வெளுக்காது, அது ஒரு வகைல நல்லதுதான். ஆனா தாலோ பேப்பர்ல கறை பிடிச்சுக்கும், ஒத்தி எடுத்தா முழுசா வராது. அருவி வர்ற எடத்துல மட்டும் அத வைக்காம அல்ட்ராமரீனும் பர்ன்ட் சியன்னாவும் கலந்து வச்சுக்கோங்க, அது சுலபமா கெளம்பி வரும். பாறையோட தூர எடத்துக்கெல்லாம் தாராளமா தாலோ கலவைய யூஸ் பண்ணலாம்.